கால்வயிற்று மருமகன்

1

ஊரில் ஒரு மாதம் நின்றுவிட்டு வந்த கையோடு ஆஸ்பத்திரியில் வருடாந்தப் பரிசோதனை இருந்தது. எடை நிறுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், கடைசியில் மனநல ஆலோசகர் அம்மாவின் அறைக்கு அனுப்பினார்கள். என் வயிற்றை வெட்டுவதற்கு முன்பு கேட்ட அதே கேள்வியைத்தான் இம்முறையும் கேட்டார்.

"சாப்பாடு என்றால் உங்களுக்கு என்ன?"

சுவிஸில் உடம்பைக் குறைக்க வயிற்றை வெட்டுவதென்றால் சும்மா போய்ப் படுத்துவிட முடியாது. ஒரு வைத்தியர் பார்ப்பார், அவர் பார்த்தது சரியா என்று இன்னொரு வைத்தியர் பார்ப்பார், பிறகு உணவு ஆலோசகர். எல்லாரும் ஓமென்ற பிறகு, மண்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க இந்த அம்மா. அதற்குப் பிறகுதான் காப்புறுதிக்காரர் மனமிரங்குவார்கள். எனக்கோ நீரிழிவு, பிரஷர், முழங்கால் வலி எல்லாம் சேர்ந்து மாடிப்படி நாலு ஏறவே மூச்சு வாங்கிய காலம். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. நாள் முழுக்க உருளைக்கிழங்கு மசித்து, சோஸ் கிண்டி, ருசி பார்க்கிறேன் என்று வாயில் போட்டுப் போட்டே வளர்ந்த உடம்பு. நான் இந்த நாட்டுக்கு என்ன கொடுத்தேனோ தெரியாது, இந்த நாடு எனக்கு நிறையக் கொடுத்திருந்தது.

முதல் தடவை அந்தக் கேள்வியைக் கேட்டபோது தடுமாறிப்போனேன். என் ஜெர்மன், சமையலறை ஜெர்மன். உப்புப் போதாது, வழி விடு, சூடு கவனம் என்பதெல்லாம் நன்றாக வரும். மனதில் உள்ளதைச் சொல்லக் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். யோசித்து யோசித்து, "சாப்பாடு என்றால் என் மாமியாரின் பேச்சு" என்று சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்கள் மாமியார் உங்களைத் திட்டுவாரா?"

"இல்லை. அவர் என்னோடு பேசவே மாட்டார்."

"எவ்வளவு காலமாக?"

"கல்யாணம் கட்டிய நாளிலிருந்து."

பாவம், அந்த அம்மா அதற்குப் பிறகு நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவருக்கு ஒழுங்கான பதில் சொல்ல நினைத்தேன். அதற்கும் என் ஜெர்மன் போதவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு என்றால் பாதி சொன்னாலே விளங்கும்.

2

என் ஊர் வாகரை. என் மனைவி பவானியின் ஊர் படுவான்கரையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் ஆண்தான். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும், மருமகன் அங்கே வந்து சேர்ந்தவன். அவனுக்கு அந்த வீட்டில் இருக்கிற உரிமையெல்லாம் முன்விறாந்தையில் ஒரு கதிரையும், அடுப்படியிலிருந்து முதலில் வரும் பீங்கான் தட்டுச் சோறும்தான். அவன் கைகழுவி எழும்பும்வரை மாமியின் தொண்டையில் தண்ணீரும் இறங்காது.

மாமிக்கும் மருமகனுக்கும் நேருக்கு நேர் பேச்சும் இல்லை. இப்போதைய பிள்ளைகள் மாமியோடு சேர்ந்திருந்து ரீவி பார்க்கிறார்கள், நல்ல விஷயம். என் மாமி பழைய ஆள். என்னிடம் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், புருசனிடம் சொல்வார். ஒருவரும் இல்லாவிட்டால் பூனையிடம் சொல்வார்.

"இந்தா பூனை, சோறு ஆறுது எண்டு சொல்லு."

"பூனை, குளிச்சிட்டு வாறன் எண்டு சொல்லு" என்பேன் நான் கிணற்றடியிலிருந்து.

இப்படி எங்களுக்கு இடையில் நின்று தூது போன பூனைகள் பல. ஒன்றாவது ஒரு சொல்லை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.

மற்றதெல்லாம் பீங்கானில் வரும். எனக்கு விசா கிடைத்த அன்று ஆற்று நண்டு வந்தது. நானும் பவானியும் சண்டை பிடித்தால், அவள் பக்கம்தான் பிழை என்று மாமிக்குத் தோன்றினால், என் சோற்றுக்குள் ஒரு முட்டைப் பொரியல் ஒளிந்திருக்கும். என் பக்கம் பிழை என்றால் வெறும் சொதி.

கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் வாகரையில் என் அம்மா போய்விட்டார். நான் சுவிஸிலிருந்து வந்து சேர ஒரு மாதம் சென்றது. அம்மாவின் வீடு இருந்த இடத்தில் மணல்தான் கிடந்தது. அங்கிருந்து படுவான்கரைக்கு வந்து கதிரையில் விழுந்தேன். மாமி ஒரு சொல் சொல்லவில்லை, அழவும் இல்லை. பீங்கான் வந்தது. சோற்றைத் தயிர் விட்டுப் பிசைந்து, கவளம் கவளமாக உருட்டி அடுக்கி வைத்திருந்தார். மருமகனுக்கு ஊட்ட முடியாது, அது முறையில்லை. உருட்டி வைக்கலாம் அல்லவா? அன்றைக்கு நான் அழுத அழுகை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு இலங்கையில் எனக்காக உலை வைக்கிற வீடு என்று ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

அந்த வீட்டுக்குத்தான் இம்முறை கால்வயிற்றோடு போனேன்.

3

வயிறு வெட்டிய கதையை ஊருக்குச் சொல்லவில்லை. பவானிதான் தடுத்தாள். "திண்டு திண்டு வயித்த வெட்டினவன் எண்டு ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாங்க" என்றாள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஊரில் ஆட்கள் ஒருவேளைச் சோற்றுக்கு அல்லாடியதைக் கண்ணால் கண்டவன் நான்.

வெட்டி மூன்றாம் கிழமை மாமா, அதாவது பவானியின் அப்பா, காலமாகிவிட்டார். என்னால் ஒரு வாளித் தண்ணீர் தூக்க முடியாத நேரம். பவானி தனியே போனாள். என்னைக் கேட்டவர்களிடம், அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். இந்த வருடம் ஆண்டுத் திவசத்துக்கு அவளுக்கு உண்மையாகவே லீவு கிடைக்கவில்லை. மகள் தர்சிக்குக் கடைசி வருடச் சோதனை. ஆகவே நான் தனியே போனேன். செத்த வீட்டுக்கு வராத மருமகன், ஒரு வருடம் கழித்துப் பெண்சாதி பிள்ளை இல்லாமல் வந்து நிற்கிறான். இதை ஊர் எப்படிப் பார்க்கும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. இவ்வளவு காலம் வெளியில் இருந்தால் இந்த மாதிரிக் கணக்குகள் மறந்துபோகின்றன.

வெட்டிய வயிற்றின் சட்டங்களையும் சொல்ல வேண்டும். முதலில் முட்டை, மீன், பருப்பு மாதிரியானவை. இடம் மிஞ்சினால் மரக்கறி. அதற்கும் பிறகு மிஞ்சினால் இரண்டு கரண்டி சோறு. மிஞ்சாது. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. இனிப்பு உள்ளே போனால் வியர்த்துக் கொட்டி நெஞ்சு படபடவென்று அடிக்கும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். வீட்டில் தர்சிதான் எனக்குக் காவல். "அப்பா, நீங்க மெல்லாம முழுங்கிறீங்க" என்பாள். அவளுக்குத் தமிழில் சரளமாக வருகிற வசனங்களில் அதுவும் ஒன்று. ஒன்று மட்டும் கவலை. என் வேளைகள் வேறாகிப் போனதால் நாங்கள் மூவரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது நின்றுவிட்டது. அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய், காதில் எதையோ மாட்டிக்கொண்டு சாப்பிடுகிறாள். கூப்பிட்டால் வருவாள். ஆனால் கூப்பிட்டு வருவது வேறு, தானாக வந்து இருப்பது வேறு.

வெளியே போனால் கடையில் காட்ட ஆஸ்பத்திரி ஓர் அட்டை தந்திருக்கிறது. இவருக்குச் சிறுவர் அளவுச் சாப்பாடு தரவும் என்று அதில் எழுதியிருக்கும். ஒருமுறை ஒரு கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, சாப்பாட்டோடு வண்ணம் தீட்டும் பென்சிலும் கொண்டுவந்து வைத்தார். நான் வண்ணம் தீட்டினேன். வேறு என்ன செய்வது?

அந்த அட்டையை மாமியிடம் காட்ட முடியாதே.

4

முதல் நாள் மத்தியானம் பீங்கான் வந்தது. சம்பாச் சோறு குவியலாக, சுற்றிவர ஆணம் என்று நாங்கள் சொல்கிற மீன் குழம்பு, கூனி இறால் சுண்டல், கத்தரிக்காய்ப் பொரியல், ஓரத்தில் எருமைத் தயிர். மாமி கதவுக்கு உட்பக்கம் நின்றார். உடம்பு ஒடுங்கி, நெற்றி வெறுமையாக. மாமா இல்லாத மாமியை அன்றுதான் பார்க்கிறேன். இந்தச் சோற்றை முழுக்கச் சாப்பிட்டு அந்த மனுசிக்கு ஒரு சந்தோசம் கொடுக்க முடியாதா என்று நெஞ்சு கிடந்து தவித்தது. மீனில் ஒரு துண்டு, தயிரில் நாலு கரண்டி, சோற்றில் மூன்று வாய். அதோடு தொண்டைக்குக் கீழே கதவு சாத்திக்கொண்டது.

"பூனை, கேஸ்ரிக் எண்டு சொல்லு" என்றேன்.

பின்னேரம் வெந்தயக் கஞ்சி வந்தது, ஒரு பெரிய கோப்பை நிறைய. கால் கோப்பை குடித்தேன். அடுத்த நாள் சோறு குறைந்து கறிகள் கூடின. அதற்கடுத்த நாள் சோற்றைக் குழைத்து அனுப்பினார். ஒவ்வொரு நாளும் பீங்கானில் ஒரு கேள்வி வந்தது. ஒவ்வொரு நாளும் நான் அதை முக்கால்வாசி அப்படியே திருப்பி அனுப்பினேன். நான் சாப்பிடாததால் மாமியும் சாப்பிடவில்லை என்பதை, கிணற்றடியில் கழுவாமல் கிடந்த ஒரே பீங்கானைப் பார்த்துத்தான் பிடித்தேன்.

இதற்குள் நான் செய்த பெரிய பிழை அந்தப் பால்மா டின். உடம்பில் சதை கரையாமல் இருக்க வைத்தியர் தந்த புரதப் பால்மா அது. காலையும் மாலையும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீரில் கரைத்துக் குடிப்பேன். ஒருநாள் அறை கூட்ட வந்த மாமி, பெட்டிக்குள் இருந்த டின்னைக் கண்டுவிட்டார். இந்த வீட்டுச் சோறு வேண்டாம், பெட்டிக்குள் கொண்டுவந்ததைத்தான் அவர் குடிக்கிறார் என்றுதானே அதற்கு அர்த்தம்? அன்று மத்தியானம் மாமி ஊற்றிய ஆணம் பீங்கானுக்கு வெளியே, என் மடியில் சிந்தியது. மாமி துணி கொண்டுவரவும் இல்லை. கோபம்தான் என்று நினைத்துக்கொண்டு நானே துடைத்தேன்.

5

திவசத்தன்று சொந்தக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். மாமாவின் படத்துக்கு முன்னால் படைத்து முடிந்ததும் பந்தி. முதல் பந்தியில் முதல் இலை மருமகனுக்கு. மாமா இருந்தபோது அவருக்குப் பக்கத்து இலை அது. பந்தியில் எல்லாரும் முடிக்கும்வரை எழும்பக்கூடாது. செத்தவருக்குக் கொடுக்கிற மரியாதை அது.

பருப்பும் இரண்டு வாய்ச் சோறுமாகச் சமாளித்துக்கொண்டிருந்தேன். பாயாசம் வந்தது. "மாமாக்குப் பிடிச்ச பாயாசம்" என்று சொல்லி ஊற்றினார்கள். எப்படி வேண்டாமென்பது? கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். ஐந்து நிமிடம் போகவில்லை. தலையிலிருந்து வியர்த்து ஒழுகியது, நெஞ்சு அடித்த அடியில் கண் இருண்டது. பந்தியின் நடுவே எழும்பி, செருப்பும் போடாமல் பின்வளவுக்கு ஓடிச் சத்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது மாமி அடுப்படி வாசலில் நின்று என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை தர்சி தொலைபேசியில் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏன் இன்னும் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று ஜெர்மனில் கேட்டாள்.

"அம்மம்மாவோட நான் நேர கதைக்கிறயில்லம்மா."

"ஏன்?"

"அது முறையில்ல."

"அது விசர்" என்றாள் தமிழில். பைத்தியம் என்று அர்த்தம், அவளுக்குச் சரளமாக வருகிற இன்னொரு சொல். அவள் சொன்னது சரி என்றும் பட்டது, அந்த முறைக்குள் இவ்வளவு காலம் எனக்குக் கிடைத்ததை இவளுக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்துவது என்றும் பட்டது.

6

மறுநாள் காலையில் மாமியின் தம்பி வந்தார். பவானிக்குத் தாய்மாமன். எனக்கு முறைப்படி சித்தப்பா. மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் வழக்கமாகப் பகிடி விடுகிற மனிதன், அன்று சேட்டுப் பொத்தானை மேல்வரை பூட்டிக்கொண்டு முகத்தை இறுக்கி வைத்திருந்தார். மாமி வட்டாவில் வெற்றிலை வைத்து எங்கள் இருவருக்கும் நடுவே கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவுக்கு உள்ளே போனார். அந்தப் பித்தளை வட்டா விசேஷத்துக்கும் வழக்குப் பேசவும்தான் வெளியே வரும். வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை.

"தம்பி, சுத்தி வளைச்சிக் கதைக்க எனக்குத் தெரியாது" என்றார். "பவானியோட என்ன பிரச்சின?"

"ஒண்டும் இல்லையே சித்தப்பா."

"ஒண்டும் இல்லாமலா? மாமன்ட சாவுக்கு வரயில்ல. இப்ப தனிய வந்திரிக்கீங்க. வந்த நாள் துவக்கம் இந்த வீட்டுச் சோத்தில ஒழுங்காக் கை வைக்கயில்ல. பெட்டிக்குள்ள மா வச்சிக் கரைச்சிக் குடிக்கீங்க. பந்தியில பாதியில எழும்பிப்போட்டீங்க. ஒரு மருமகன் வீட்டுச் சோத்த விட்டா மறுகா என்ன? எங்கட பக்கத்தில அதுக்கு ஒரு அர்த்தம்தானே. அக்கா ராவு முழுக்க அழுறா. என்ட புள்ளயத் தள்ளிப்போட்டார் எண்டு சொல்லி அழுறா."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. உடனேயே சிரிப்பு வற்றிப்போனது. என்ன நினைத்துக்கொண்டு அந்த மனுசி எனக்கு இவ்வளவு நாளும் சமைத்துத் தந்திருக்கிறார்! மகளைக் கைவிட வந்தவன் என்று நினைத்துக்கொண்டே சோற்றைக் குழைத்துத் தந்திருக்கிறார். ஒரு தடவைகூட வெறும் சொதி தரவில்லை.

"சித்தப்பா, அப்பிடியில்ல" என்றேன். கதவுக்கு உள்ளே கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "உடம்பு கூடி, சீனி கூடி, உயிருக்கே ஆபத்து எண்டுட்டாங்க. வயித்த வெட்டி எடுத்துப்போட்டாங்க. முழுக்க இல்ல, முக்காவாசி. மிஞ்சினது ஒரு வாழப்பழம் அளவுதான். மாமா போனது அந்த நேரம். எனக்கு எழும்ப ஏலாது. வெக்கத்தில சொல்லயில்ல. சோறு வேணாம் எண்டு இல்ல சித்தப்பா. வைக்க இடம் இல்ல."

சித்தப்பா வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். "வயித்தையா?" என்றார். "வெட்டி என்ன செய்த? எறிஞ்சிட்டாங்களா?"

"எறிஞ்சிருப்பாங்க."

"அடக் கடவுளே" என்று என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்படியில் சட்டி ஒன்று மூடிய சத்தம் கேட்டது. பிறகு மாமி வெளியே வந்தார். கதவைக் கடந்து, வட்டாவைக் கடந்து, என் கதிரைக்கு முன்னால் வந்து நின்றார். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். முகத்தை நேரே பார்த்தார்.

"நொந்ததா, மனே?"

இருபத்தாறு வருடம். மகனே என்று கூப்பிட்டு, மாமியின் குரலில் எனக்கென்று வந்த முதல் சொல். அவ்வளவு காலத்துக்கும் கேட்டிருக்கக்கூடிய எத்தனையோ கேள்விகள் இருக்க, இந்த மனுசி கேட்டது இது. கண் முட்டிக்கொண்டு வந்தது.

"இல்ல மாமி. மயக்கித்தான் வெட்டினவங்க. எழும்பினதுக்கு மறுகா கொஞ்சம் நொந்தது."

மாமி தலையாட்டினார். உள்ளே போகத் திரும்பினார், போகவில்லை.

"கண்ணுக்கும் மயக்குவாங்களா?" என்றார்.

7

மாமியின் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. வலது கண் ஏறக்குறையப் போய்விட்டது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் வெட்ட நாள் கொடுத்திருந்தார்கள். அந்த நாளைச் சத்தமில்லாமல் கடத்திவிடுவதுதான் மாமியின் திட்டம். பவானியிடம் சொன்னால் அவள் அழுவாள், வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாள் என்று பயம். தம்பியிடம் சொன்னால் கட்டாயப்படுத்துவார் என்று பயம். எல்லாவற்றையும்விடக் கத்திக்குப் பயம்.

அன்று என் மடியில் ஆணம் சிந்தியது கோபத்தால் இல்லை. பீங்கானின் விளிம்பு அவருக்குத் தெரியவில்லை. நான் அவரைப் பிழையாக விளங்கிக்கொண்டேன், அவர் என்னைப் பிழையாக விளங்கிக்கொண்டார். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர், ஆளுக்கொரு நோயை ஒளித்துக்கொண்டு, ஆளையாள் கோபம் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். பூனையைக் குற்றம் சொல்லிப் பலனில்லை.

அன்றிலிருந்து மாமி என்னைக் கேள்விகளால் துளைத்தார். இவ்வளவு காலமும் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது போலிருந்தது. வெட்டுமுன் சாப்பிடலாமா? உடுப்பை மாற்றச் சொல்வார்களா? பக்கத்தில் ஆரும் நிற்கலாமா? வெட்டுகிற நேரம் ஆரை நினைத்தீர்கள்? நான் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைச் சித்தப்பா விசாரித்து வந்தார்.

"ஆரை நினைச்சீங்க?" என்று திரும்பவும் கேட்டார்.

"பவானிய. தர்சிய. அம்மாவ." கொஞ்சம் நிறுத்தி, "உங்களையும்தான்" என்றேன். மாமி உடனே எழும்பிப்போய்க் கோழிகளை விரட்டினார். கோழிகள் ஒன்றும் செய்யவில்லை.

வெட்டுகிற நாள் விடியவே திரீவீலர் பிடித்துப் பாலத்தைக் கடந்து பட்டணம் போனோம். சித்தப்பா முன்னால், நானும் மாமியும் பின்னால், நடுவில் அவருடைய பை. ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருந்தபோது தாதி வந்து கூட வந்தது ஆர் என்று கேட்டார்.

"மருமகன்" என்றார் மாமி. "இவர்ர வயித்தையே வெட்டி எடுத்தவங்க. இவர் பயப்படயில்ல."

உண்மையில் நான் அன்றைக்கு எவ்வளவு பயந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் அதைச் சொல்ல மனம் வரவில்லை. வாங்கில் நிறையப் பேர் என் வயிற்றைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊருக்குத் தெரியக்கூடாது என்று ஒரு வருடம் காத்த இரகசியம் அப்படிப் போனது. போனது நல்லதுதான்.

பின்னேரம் ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்தார். மற்றக் கண்ணும் மங்கல். படியில் தடுமாறினார். நான் கையை நீட்டினேன். ஒரு நொடி தயங்கிவிட்டுப் பிடித்தார். சில்லிட்டிருந்தது அந்தக் கை, அடுப்பங்கரையிலேயே காலம் முழுக்கக் கழித்த கை.

"நொந்ததா மாமி?"

"எறும்பு கடிச்ச மாதிரி" என்றார் பெருமையாக.

8

வைத்தியர் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். புகை கூடாது, குனியக் கூடாது, அடுப்படிப் பக்கமே போகக்கூடாது. மாமிக்குக் கண் வெட்டியதைவிட இதுதான் வருத்தம். அக்கம்பக்கத்தில் சோறு கேட்போம் என்றார் சித்தப்பா. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். இந்த வீட்டு அடுப்படிக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"ஐயோ, அவர் ஏன் அங்க?" என்று மாமி உள்ளறையிலிருந்து பதறினார்.

"இது என்ட தொழில் மாமி. அங்க வயசான ஆக்களுக்கு நான்தான் சமைக்கிற."

"வெள்ளக்காரருக்குத்தானே."

"வெள்ளக்காரருக்கும் வயிறுதானே" என்றேன்.

எல்லாம் கை மறந்துபோயிருந்தது. தேங்காய் திருவும்போது விரலைக் கிழித்துக்கொண்டேன். ஆற்று மீன் வாங்கி, பால் விட்டு ஆணம் வைத்தேன். புளி கூடிவிட்டதோ என்று ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினேன். சோற்றைக் கொஞ்சம் குழைய விட்டேன். முருங்கையிலைச் சுண்டலும் செய்தேன். என் பங்குக்கு ஒரு கிண்ணத்தில் மீன் ஒரு துண்டும் சுண்டல் ஒரு கரண்டியும் எடுத்து வைத்துக்கொண்டேன். மாமிக்குப் பீங்கான் நிறையப் போட்டேன். நிறையப் போடும்போது கைக்கு என்ன சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது. இதைத்தானே அந்த மனுசி இவ்வளவு காலமும் அனுபவித்திருக்கிறார். இதைத்தானே நான் வந்த நாளிலிருந்து அவரிடமிருந்து பறித்தேன்.

மாமி கட்டிலில் இருந்தார். பீங்கானை மடியில் வைத்து, எது எங்கே இருக்கிறது என்று விரலைப் பிடித்துக் காட்டினேன். இது சோறு, இது மீன், முள் எடுத்திருக்கிறேன், இது சுண்டல். அவர் கை சோற்றில் படவில்லை. ஆண் சமைத்த சோற்றை அவர் தின்றதில்லை. மருமகனுக்கு முன்னால் வாய் அசைத்ததும் இல்லை. இன்றைக்கு இவ்வளவும் ஒரேயடியாகக் கேட்டால் எப்படி என்று எனக்கே பாவமாக இருந்தது. வெளியே போய்விடுவோம் என்று எழும்பினேன்.

"நீங்க சாப்பிடயில்லையே" என்றார்.

"கிண்ணத்தில இரிக்கு."

"இரிந்து சாப்பிடுங்க."

கீழே பாயில் இருந்தேன். என் சட்டப்படி ஒரு வாய் வைத்து மெல்லத் தொடங்கினேன். மெல்லுகிற சத்தம் மாமிக்குக் கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கொண்டிருந்தார். பிறகு சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். நான் தலை நிமிரவில்லை. புளி கூடிப்போச்சு என்பாரோ, உப்பில்லை என்பாரோ என்று, வைத்தியரின் முடிவைக் கேட்கக் காத்திருந்ததைவிட மோசமாக நெஞ்சு அடித்தது. இரண்டாம் வாய், மூன்றாம் வாய். நான் மெல்லுகிற வேகத்துக்கே அவரும் மென்றார். முற்றத்தில் வெயில் இறங்கியது. என் கிண்ணம் முடிந்து நெடுநேரம் ஆகியும் நான் எழும்பவில்லை.

மாமியின் விரல் பீங்கானைச் சுற்றிவந்து தேடியது. ஒரு பருக்கையும் இல்லை. அவர் கட்டுப் போட்ட முகத்தை நான் இருந்த பக்கம் திருப்பி, பீங்கானை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க, மனே."